தூரமுங்களா என்று மட்டும் கேட்டோம்

எங்கள் பக்கத்தில், வீட்டை விட்டுக் கிளம்புகிற ஆளைப் பார்த்து "எங்கே?" என்று கேட்கமாட்டோம். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் "தூரமுங்களா?" என்போம். சொல்ல விருப்பமுள்ளவர் ஊர்ப்பேரைச் சொல்வார். இல்லாதவர் "ஆமாங்க" என்றுவிட்டு நடையைக் கட்டுவார். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவரையும் இப்படித்தான் கேட்போம், பெண் பார்க்கப் போகிறவரையும் இப்படித்தான் கேட்போம். இந்தப் பாழாய்ப்போன மரியாதையோடுதான் என் அண்ணனை ஒரு சண்டைக்கு வழியனுப்பி வைத்தோம்.

அண்ணன் பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கிற பிரிவில் இருந்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா கட்டிய வீட்டிலேயே இருந்தார். வீட்டை ஒட்டித் தறிக்கூடம். விசைத்தறிகளை நங்கையா பார்த்துக்கொண்டார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கையா என்றுதான் கூப்பிடுவது. நான் வாக்கப்பட்டது சிங்காநல்லூரில் என்பதால் நினைத்தால் பஸ் ஏறி வந்துவிடுவேன். பென்ஷன் வந்தது, தறி ஓடியது, மகள் நர்சிங் படித்தாள். அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் மட்டும் கோயமுத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். "சும்மா உக்காந்தா மேலு துருப்புடிச்சுப் போகும் அம்மணி" என்றார்.

ஊருக்கு அவர் எதற்கு வேண்டும்? மிலிட்டரி கேண்டீனில் வாங்கித் தருகிற ரம்முக்கு வேண்டும். அதைத் தவிர அவரிடம் யாரும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. காஷ்மீரில் என்ன செய்தீர்கள், பனியில் எப்படி இருந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. நானும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஒருநாள், வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, பழைய பட்டாளத்துக்காரர்கள் சில பேர் ஒன்றாகப் போகிறோம் என்றார். அவ்வளவுதான், துபாய் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். எங்கள் ஊரில் ஃபாரின் என்றால் துபாய்தான். நான் திருப்பூரிலிருந்து மெல்லிசான பருத்தி பனியன்களாக வாங்கிக்கொண்டு போனேன். அவர் பெட்டியைத் திறந்தால் மேலாகவே பட்டாளத்து ஸ்வெட்டர் கிடக்கிறது, பச்சைக் கம்பளி. "அட ஏனுங்ணா, அந்த வெயிலுக்கு இதப் போட்டுட்டு நின்னீங்கன்னா இட்லியாட்ட வெந்து போயிருவீங்க" என்று எடுத்து வெளியே போட்டேன். எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். "இருக்கட்டும் அம்மணி" என்று அதை மடித்துத் திரும்பவும் உள்ளே வைத்தார்.

கிளம்புகிற அன்று வாசலில் ஒரு கூட்டமே நின்றது. ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு "தூரமுங்களா?" என்றார்கள். "ஆமாங்க, தூரந்தானுங்க" என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். நங்கையா திருநீறு பூசிவிட்டார். "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மார்கழிக் கடைசியில், பொங்கல் நோம்பிக்கு வீடு வெள்ளையடிக்கிறார்கள் என்று நான் அங்கே போயிருந்தபோது அண்ணனிடமிருந்து வீடியோ கால் வந்தது. அதற்கு முன்னால் இரண்டொரு தடவை குரலில் மட்டும் பேசியிருந்தார். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால் நங்கையா ஓடிப்போய் எல்லாத் தறிகளையும் நிறுத்தினார். மகள் போனைப் பிடித்துக்கொண்டாள். திரையில் தாடி வளர்ந்த ஒரு முகம், தலையில் இரும்புத் தொப்பி. கழுத்துக்கிட்டே அந்தப் பச்சை ஸ்வெட்டர் தெரிந்தது. பின்னாலே எல்லாம் வெள்ளை.

"அப்பா, துபாயில பனி பெய்யுதுங்களா?" என்று கேட்டாள் மகள். விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"துபாய்னு நான் எப்பக் கண்ணு சொன்னேன்?" என்றார் அண்ணன். "உக்ரைன்ல இருக்கறேன். இங்கத்த பட்டாளத்துல சேந்திருக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவியில் தினமும் பார்க்கிற சண்டை அது. கட்டடம் இடிந்து விழுவதையும், ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும் பார்த்து 'அய்யோ பாவம்' என்றுவிட்டு ரசத்தைக் கலக்கப் போவேனே, அதே சண்டை. அதற்குள் என் கூடப்பிறந்தவர் நிற்கிறார். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை, ஏமாற்றி இழுத்துக்கொண்டு போகவில்லை. தானாகவே வரிசையில் நின்று சேர்ந்திருக்கிறார். நங்கையாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. "செக்யூரிட்டி வேலைதானுங்களே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நான் போனைப் பிடுங்கினேன். அண்ணனை நான் ஒருமையில் பேசியதே கிடையாது. அன்றைக்கு என்னென்னவோ பேசிவிட்டேன். "அட மனுசா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அது ஆரு சண்டை? உன்ற ஊட்டுக்கு ஆரு வந்து குண்டு போட்டாங்க? பொண்டாட்டி புள்ளைகிட்ட பொய் சொல்லீட்டுப் போயிருக்கறியே!"

அவர் கோபப்படவில்லை. "நான் ஒரு பொய்யும் சொல்லல அம்மணி. கெளம்பறப்ப ஊரே வந்து நின்னுச்சு. ஒருத்தராச்சும் எங்கேன்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா உள்ளதச் சொல்லியிருப்பேன்" என்றார். அதற்குள் படம் நின்று போனது.

தறிக்கூடத்தில் எப்போதும் காது கிழிகிற சத்தம் இருக்கும். அன்றைக்கு அங்கே விழுந்த அமைதி என்னைப் பயமுறுத்தியது. நங்கையா எழுந்துபோய் ஒவ்வொரு தறியாகப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

விஷயம் பரவியதும் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெகுநேரம் உச்சுக்கொட்டிவிட்டு, எழுந்து போகும்போது, "அப்பறம் அந்தக் கேண்டீன் கார்டு ஊட்டுலதான் இருக்குதுங்களா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டம்ளரை வீசியிருப்பேன். நங்கையா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வெயில் காலம் முடிகிற சமயத்தில் அண்ணன் திரும்பி வந்தார். இடது காது கேட்கவில்லை. தொடையில் ஓர் இரும்புத் துண்டு இருந்தது, எடுத்தால் நரம்புக்கு ஆபத்து என்று விட்டுவிட்டார்களாம். ஆள் உயிரோடு வந்தாரே, அது போதும் என்று கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். கொஞ்சநாளில் அதே குடியிருப்பில் பழைய வேலைக்கே போக ஆரம்பித்தார்.

ஒருநாள் அந்தப் பக்கம் போனவள் கேட்டில் அவரைப் பார்த்தேன். ஒரு கார் வந்து நின்றது. காது கேட்காததால் ஹாரன் அடித்தது அண்ணனுக்குத் தெரியவில்லை. கார் ஓட்டியவனுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. கண்ணாடியை இறக்கி, "யோவ், தூங்கறியா?" என்றான். அண்ணன் நொண்டிக்கொண்டே ஓடிப்போய்க் கம்பியைத் தூக்கி சல்யூட் வைத்தார். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து, உட்காரச் சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"எதுக்குங்ணா போனீங்க?" என்று கேட்டேன். இதுநாள்வரை அதையும் யாரும் கேட்டிருக்கவில்லை.

கேட்டைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு காட்டுக்குள்ள போவோணும்னு வெய்யி. கீழ எங்க வெடி இருக்குதுன்னு ஆருக்கும் தெரியாது. நாந்தான் முன்னால போவேன். நான் எங்க கால் வெச்சனோ அங்கதான் பொறகால வர்றவன் கால் வெப்பான். பாஷை தெரியாது, பேரு தெரியாது. ஆனா என்ற காலையே பாத்துட்டு வருவான். இங்க என்னைய ஆரு பாக்கறாங்க அம்மணி?"

"நாங்க பாக்கலியா?" என்றேன். அவர் என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கி வைத்தார். எனக்குச் சத்தமாகக் கேட்க வாய் வரவில்லை. ஒருவேளை காதில் விழாமல்கூட இருந்திருக்கலாம்.

அதை நங்கையாவிடம் சொன்னேன். அவர், "இனி இந்த ஊட்டுல ஆரு கெளம்புனாலும் எங்கேன்னு கேக்கறதுதான். கெட்டுப்போற காரியம் கெட்டுப்போகட்டும்" என்றார். சொன்னபடியே செய்தார். பால்காரரைக் கேட்டார், நூல் கொண்டுவருகிற வண்டிக்காரரைக் கேட்டார். அங்கே வந்திருந்த என் வீட்டுக்காரர் செருப்பு மாட்டும்போது அவரிடமும் "எங்கீங்க போறீங்க?" என்றார். மனுசன் பதறிப்போய், "டீ குடிக்கத்தானுங்க" என்று திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சிரித்தோம், ஆனாலும் மனசுக்குத் தெம்பாக இருந்தது. அன்றைக்கு ஒருத்தர் கேட்டிருந்தால் அண்ணன் சொல்லியிருப்பார், சொல்லியிருந்தால் காலைக் கையைப் பிடித்தாவது நிறுத்தியிருப்போம் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம்.

போன கார்த்திகையில், நான் அங்கே தங்கியிருந்த ஒரு காலை. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மகள் காலேஜுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அண்ணன் குளித்து, முடியை ஒட்ட வெட்டி, ஷூ போட்டுக்கொண்டு வந்தார். கையில் பை. பை முழுக்க மூடவில்லை, உள்ளே பச்சைக் கம்பளி தெரிந்தது.

நங்கையா தறிக்கூடத்திலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். அண்ணனின் நல்ல காதுப் பக்கமாக நின்று, தெளிவாகக் கேட்டார்.

"எங்கீங்க போறீங்க?"

"அங்கயேதான் புள்ள. உக்ரைனுக்கு" என்றார் அண்ணன். ஒளிக்கவில்லை, தலையைக் குனியவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார்.

நங்கையாவுக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கேட்பதற்கு மட்டும்தான் நாங்கள் தயாராக இருந்தோம். காலைப் பிடிப்போம், கையைப் பிடிப்போம் என்றெல்லாம் பேசியிருந்த நான், பாதி பின்னிய சடையோடு ஓடிவந்த மகளைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன். அவர் மகள் தலையில் கை வைத்தார். நங்கையாவின் தோளை மெதுவாக ஒதுக்கிவிட்டு வெளியே இறங்கினார். "வாரேன்" என்றார்.

எதிர் வீட்டு அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர், வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தூரமுங்களா?"

"ஆமாங்க, தூரந்தானுங்க."

"மகராசனாப் போயிட்டு வாங்க" என்றார் அந்த அக்கா. அண்ணன் அவருக்குத் தலையாட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.