ஞாயிறு கணக்கில் சேராது

எனக்கு ஆரம்பிக்கத் தெரியும். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எங்கள் திருச்சபையில் நூல் நிலையம் ஆரம்பித்தவன் நான்தான். அந்த அலமாரியின் சாவி எங்கே என்று இப்போது எனக்கே தெரியாது. ஆண்கள் ஐக்கியத்துக்கு ஒரு பத்திரிகை நடத்தினேன், இரண்டு இதழ் வந்தது. பிள்ளைகளுக்கு மாலை டியூஷன், ஒரு மழைக்காலத்தோடு சரி. இதையெல்லாம் நான் மறந்துவிட்டேன். ஒருவர் மறக்கவில்லை.

அப்போது அவர் சபைச் செயலாளர். கமிட்டித் தேர்தலுக்கு முந்தைய கூட்டத்தில் எழுந்து நின்று, நிதானமாகச் சொன்னார்: "சாருக்கு ஆரம்ப ஜோர் அதிகம். எதையும் முடிச்சு நாங்க பார்த்ததில்ல." சபை சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள், அதுதான் தாங்கவில்லை. தேர்தலில் தோற்றேன். அதன்பின் ஆறு வருடம் அவரோடு பேச்சில்லை. அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முழங்காலிடும்போதுகூட அவர் இருக்கும் வரிசையைத் தவிர்த்துவிட்டு அடுத்த வரிசைக்குக் காத்திருப்பேன். அப்படி ஒரு பக்தி எனக்கு.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் போய்ப் பார்க்கவில்லை.

தவக்காலம் தொடங்கும் அடுத்த சாம்பல் புதன் காலை ஆராதனையில் ஆயர் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தார். ஈஸ்டர் வரைக்குமான லெந்து எனும் அந்தத் தவக்காலத்தின் நாற்பது நாளும் செய்யப்போகும் ஒரு காரியத்தை எழுதிக் காணிக்கைப் பையில் போடவேண்டும். பக்கத்தில் இருந்தவர் காபியை விடுவதாக எழுதினார். நான் வழக்கமான ஆரம்ப ஜோரில், அந்த மனிதரைத் தினமும் போய்ப் பார்ப்பேன் என்று எழுதிவிட்டேன். அதில் பாதி பக்தி, பாதி வீம்பு. ஒன்றையாவது நான் முடிப்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று இருந்தது.

என் வீடு சேலையூர். அவர் இருந்தது பீர்க்கன்கரணையில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில். காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் தாம்பரத்தைத் தாண்டி நெரிசலான ஜிஎஸ்டி ரோட்டில் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், போய்ச் சேருவதற்குள்ளேயே ஒரு நாள் விரதம் இருந்த களைப்பு வந்துவிடும். அன்றைக்கே போனேன். பத்து நிமிடம் உட்கார்ந்து, ஜெபம் பண்ணிவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது என் திட்டம்.

அவருடைய மனைவி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. மெலிந்த உருவம், கட்டிலில் கிடந்தவரோ என்னைவிடப் பெரிய உடம்பு. ஜெபத்துக்கு நான் கண்ணை மூடப்போகும் நேரத்தில், "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். ஒரு கை பிடிக்கிறீங்களா?" என்றார்.

ஒரு கை என்றுதான் ஆரம்பித்தது. திருப்பினோம், முதுகைத் துடைத்தோம், துணி மாற்றினோம். மறுநாள் சவரம் நான் செய்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். திருப்ப வேண்டுமென்றால் இடது கையால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டுவார். செயலாளராக மேஜையைத் தட்டிச் சபையை அடக்கிய அதே தட்டு. எரிச்சலாக வரும். அன்பு பொங்கியது, பகை கரைந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முழங்கால் வலித்தது. மருந்து வாடை மத்தியானச் சோறுவரை மூக்கில் நின்றது. எத்தனை நாள் போயிருக்கிறது, எத்தனை நாள் பாக்கி என்று எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

ஞாயிறுகளில் கோடு கிடையாது. லெந்து காலத்தில் ஞாயிறு கணக்கில் சேராது. சாம்பல் புதனிலிருந்து ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது வரும். சிறுவயதிலேயே படித்த கணக்கு. அதனால் ஞாயிறு எனக்கு விடுமுறை. ஆராதனை, பாடகர் குழு, பிரியாணி, தூக்கம். முப்பது வருடமாகக் கொயரில், அதாவது பாடகர் குழுவில், நான் பேஸ் எனும் கீழ்க்குரல். வாழ்க்கையில் நான் பாதியில் விடாத ஒரே காரியம் அதுதான்.

ஐந்தாம் ஞாயிறுக்கு அடுத்த நாள் மாடிப்படியில் கீழ்வீட்டு ஆட்டோக்காரர் என்னை நிறுத்தினார். மாலை நேரத்தில் அவர்தான் வந்து திருப்பிவிடுவார்.

"இன்னா சார், நேத்து ஆளக் காணோம்? ஞாயித்துக்கெழமன்னா உங்களுக்கு லீவா?"

நான் லெந்துக் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்குச் சேராது சார். படுத்துகினு கீறாரே, அவருக்குச் சேரும்ல? ஞாயித்துக்கெழம நானும் சவாரிக்குப் பூடுவேன். அந்தம்மா ஒண்டியா இன்னா பண்ணும்? ஒரே பக்கமா கெடப்பாரு."

திங்கட்கிழமைகளில் கட்டிலில் கிடப்பவர் இடுப்பில் தோல் சிவந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெயில் காலம், அதனால்தான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்தபோது தோல் லேசாகக் கிழிந்திருந்தது. வெட்கமாக இருந்தது. இருந்தும் அடுத்து வந்த குருத்தோலை ஞாயிறு காலையில் நான் பவனியில்தான் பாடினேன். சாயங்காலம் போய் ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, மனசாட்சிக்குப் பதில் சொல்லியாயிற்று என்று வந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை நாற்பதாவது நாள். சவரம் முடித்து, அவர் காதருகே குனிந்து, "நாப்பது நாள் முடிச்சுட்டேன் சார்" என்றேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ்.

அவருடைய மனைவி வாசல்வரை வந்தார். "ரொம்ப நன்றிண்ணா" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் கோயிலுக்கு வந்து பதினோரு மாசம் ஆச்சு. நாளைக்குக் காலைல மட்டும் நீங்க இங்க இருந்தீங்கன்னா, நான் ஈஸ்டர் ஆராதனைக்குப் போய்ட்டு வந்துடுவேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஈஸ்டருக்காக லெந்து முழுவதும் ஒத்திகை பார்த்த பாட்டு, அதில் பேஸ் குரலுக்கென்றே ஓர் இடம். நாற்பது நாள் செய்தவனை நாற்பத்தொன்று கேட்கிறார்களே என்று இருந்தது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "உங்க நாப்பது முடிஞ்சுது. அவங்களுக்கு என்ன முடிஞ்சுது?" என்றாள்.

போனேன். அந்த அம்மா பட்டுப்புடவையில் தயாராக இருந்தார், அந்துருண்டை வாசனையோடு. ஆட்டோக்காரர் தன் முதல் சவாரியாக அவரைக் கோயிலில் இறக்கிவிடக் கூட்டிப்போனார்.

கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்நேரம் பாட்டு ஆரம்பித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சிலுவையின் பாதையைப் பற்றி எத்தனையோ வருடம் வீட்டுக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். வழியில் போன ஒருவரைப் பிடித்து இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைத்தார்களே, அவரைப் பற்றி நான் பேசியதே இல்லை. அவர் கையில் துண்டுத்தாள் இல்லை, அவர் எதையும் ஆரம்பிக்கவில்லை. எத்தனை அடி சுமக்கவேண்டும் என்று பேரம் பேசியதாகவும் எங்கும் இல்லை. சிலுவையை நட்ட மலை எங்கே இருந்ததோ அதுவரை போயிருப்பார். எனக்கு ஆறுதலாக ஒன்றும் இல்லை, இன்னும் களைப்பாகத்தான் இருந்தது. கட்டில் தட்டும் சத்தம் கேட்டது. தனியாகவே திருப்பினேன், முழங்காலில் சுளீரென்றது.

பத்தரை மணிக்கு அந்த அம்மா வந்தார். முகமே மாறியிருந்தது. "எல்லாப் பாட்டும் பாடினேண்ணா" என்றார். பிறகு தயங்கியபடி, "கொயர்ல உங்க இடம் காலியா இருந்துச்சு. 'சார் வழக்கம்போல பாதியில விட்டுட்டாரு'ன்னு வாசல்ல நாலு பேர் சிரிச்சாங்க. நீங்க எங்க வீட்ல இருக்கீங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். நீங்க யாருகிட்டயும் சொல்லலபோல இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றார்.

உள்ளே கட்டிலில் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். இந்த முறை சுவர் பக்கம் திரும்பவில்லை.

"அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கே வந்துடறேன்மா. நீங்க கோயிலுக்குப் போங்க" என்றேன். சொல்லும்போதே அலுப்பாக இருந்தது. ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்திருந்தேன். கட்டிலில் இரண்டு தட்டு கேட்டது. சாவியை வைத்துவிட்டு உள்ளே போனேன்.