எண்ணூர் சாலையில் குதித்த முள்

ஞாயிறு காலை பத்தரை மணி, ராயபுரம். எண்ணூரில் நண்பர் மகளின் கல்யாண விருந்து. "பிரியாணி வண்டியில் ஓர் இடம் காலி, ஏறி வந்துவிடு" என்றார் நண்பர். ஈரோட்டுக்காரனுக்கு இதைவிட மணக்கும் வாகனம் வேறு ஏது? பின்னால் நான்கு அண்டாக்கள், முன்னால் நானும் ஓட்டுநர் மேரியும். பதினான்கு கிலோமீட்டர் போக வேண்டும்.

"போன வாரம் இன்ஜின் சூடாவுதுன்னு வழியிலயே நின்னுட்டேன் சார். இப்ப புது சென்சார் போட்டு கீறேன். இன்னிக்கும் லேட்டாச்சுன்னா பிரியாணி மாஸ்டர் வேற வண்டி வெச்சுக்குவாரு" என்றார் மேரி.

திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தோம். வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. மேரி வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, லாரிகள் இடித்துவிடாமலிருக்க நான்கு இண்டிகேட்டரையும் போட்டார். மீட்டர் தெரிவதற்கு மட்டும் சாவியைத் திருப்பி வைத்து, முள் இறங்கக் காத்திருந்தோம். கால் மணி நேரமாகியும் இறங்கவில்லை. மறைக்காமல் மாஸ்டருக்குப் போன் செய்தார்.

"மாத்து வண்டி அனுப்புறேன். இனிமே நீ வராத!" என்ற கத்தல் எனக்கே கேட்டது. பாவமாக இருந்தது.

எனக்கு இன்ஜின் பற்றி அட்சரம் தெரியாது. வேறு வேலை இல்லாததால் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க மேரி, லைட்டு மினுக்கறப்பெல்லாம் முள்ளும் குதிக்குதுங்களே?"

மேரி உற்றுப் பார்த்தார். இண்டிகேட்டரை அணைத்தார், முள் பாதிக்கு இறங்கியது. ஹாரனை அழுத்தினார், துள்ளி ஏறியது.

"சூடு இப்டியா சார் குதிக்கும்?"

இறங்கிப் பார்த்தார். தண்ணீர் குறையவில்லை, கொதிக்கவுமில்லை. உடனே டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். மீட்டரின் எர்த் ஒயர், கடற்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது.

"சென்சார் மேல பழிய போட்டேனே! எர்த்து கலீஜாயி கீது. லைட்டு, ஹாரன் கரண்டெல்லாம் முள்ள ஏத்தி வுட்டு கீது."

கத்தியால் ஒயரையும் போல்ட்டையும் பளபளவென்று சுரண்டி இறுக்கினார். மறுபடி இண்டிகேட்டரைப் போட்டார். முள் அசையவில்லை. எங்கள் ஊரிலானால் நான் மெக்கானிக்கைத் தேடியே பொழுதைப் போக்கியிருப்பேன். மேரி அதற்குள் மூன்று லாரிகளைத் தாண்டிவிட்டார்.

எண்ணூர் மண்டபத்தில் அப்போதுதான் முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அண்டாவைத் திறந்து ஆவியைப் பார்த்தார்.

இரண்டாம் பந்தியின்போது, எங்களை வழியில் காணாமல் மாற்று வண்டி காலியாக வந்து நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி விழித்தார். மாஸ்டர் வாயைத் திறக்குமுன், மேரி ஒரு தட்டு நிறையப் பிரியாணியை அந்த ஓட்டுநர் கையில் கொடுத்தார்.

"வந்தது வந்துட்ட, துன்னுட்டுப் போ நைனா. அடுத்த வாரமும் நான்தான் வரேன்."

சொன்னது அவரிடம், பார்த்தது மாஸ்டரை.