ஹார்டு டிரைவர்

கேபிளின் முனையை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்காமல் ஷமீமா எந்தக் கணினிக்கும் வைத்தியம் தொடங்க மாட்டாள். "கரிக்குதுங்க" என்றாளானால் நோய் பிடிபட்டுவிட்டது. மரக்காணத்து உப்புக் காற்று இரும்புக் கதவையே தின்றுவிடுகிறது, கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? கடைத்தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, வாய் மட்டும் அடங்கவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட பெட்டி என்றால் தனிப் பாசம். அதன் சின்னமான பென்குவின் பறவையை வைத்து, "டேய் பென்குவினு, என்னடா நோவு உனக்கு?" என்று அதட்டுவாள். "இது நம்ம வூட்டுப் புள்ளைங்க. எங்க வலிக்குதுன்னு வாயைத் தொறந்து சொல்லிடும்."

பெட்டியின் அந்த வாய்தான் போன வாரம் வம்பை இழுத்துவிட்டது. உப்பளத்து எடைமேடைக் கணினி, அதுவும் ஒரு பென்குவின், படுத்துவிட்டதென்று அழைத்தார்கள். போனால், லாரி டிரைவர் பாவாடை வாசலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லாரிச் சாவி முதலாளி தேவநாதனின் சட்டைப் பையில். வேலையை விட்டே நிறுத்திவிட்டாராம். காரணத்தை முதலாளியே திரையில் எழுத்துக்கூட்டிக் காட்டினார்.

"ஹார்டு... டிஸ்க்கு... டிரைவர்... எரர். பாத்தியாம்மா? காலைல வண்டிய ஹார்டா ஏத்தினான், மேடையே ஆடிப்போச்சு. கம்ப்யூட்டரு கரெக்டா ஆளைக் காட்டிக் குடுத்துடுச்சு."

"மொதலாளி, அது வேற டிரைவரு. டிஸ்க்கை ஓட்டுறவன். பொட்டிக்குள்ள இருக்கான்."

"உள்ளயா? என்னைக் கேக்காம எவன் உள்ள வுட்டது?"

ஷமீமாவுக்குச் சிரிப்பு முட்டியது. வாசலில் பாவாடையின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள். பெட்டியைக் கழற்றினாள். கேபிளை நாக்கில் வைத்தாள். கரித்தது.

"ரெண்டு டிரைவர் மேலயும் தப்பு இல்ல மொதலாளி. இந்தக் கேபிள்தான் உள்ள இருக்கவனுக்கு ரோடு. அது உப்புப் பூத்துக் கெடக்குது, வண்டி எப்படி ஓடும்?"

டிஸ்க்கின் முனைகளை அழிரப்பரால் தேய்த்து, புதுக் கேபிளைச் செருகினாள். பென்குவின் எழுந்து உட்கார்ந்தது. எடையும் ஒழுங்காகக் காட்டியது. தேவநாதன் மட்டும் மசியவில்லை.

"நீ சொன்னா எப்படிம்மா? குத்தம் சொன்னது கம்ப்யூட்டரு. இல்லன்னும் அதுதான் சொல்லணும்."

வாதாடுவது அவளுக்கு வெல்லம். அன்றைக்கு வாதாடவில்லை. "இருங்க, அதையே கேட்டுடறேன்" என்று விசைப்பலகையை மடிப்பக்கம் இழுத்து, கறுப்புத் திரையில் இங்கிலீஷில் எதையோ தட்டினாள். தட்டியதைக் கணினி அடுத்த வரியில் அப்படியே திருப்பிச் சொன்னது: 'டிரைவர் பாவாடை, நோ எரர்.'

தேவநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சற்று நேரத்தில் பாவாடை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது. கணினியைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். ஷமீமா நடுவில் மறைத்துக்கொண்டிருந்த தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்திக்கொண்டாள்.