வெந்நீர் ராடுக்குள் இருந்த எண்

சோமனூரில் எங்கள் வீட்டைச் சுற்றிலும் விசைத்தறிகள்தான். மருமகள் வாங்கி வந்த வெந்நீர் ராடு, சாயங்காலத்தில் தண்ணீரைச் சூடாக்க வெகுநேரம் எடுத்தது.

"ஏமாந்துபோட்டயே கண்ணு! திருப்பிக் குடுத்துரலாம்" என்றேன்.

மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்கு ரோசம் வந்துவிட்டது. "அளந்து பாத்துட்டுப் பேசலாமுங்க அத்தை" என்று, ஒயரைக் கவ்விப் பிடிக்கிற மீட்டரைக் கொண்டுவந்து, ராடு சூடாகிக்கொண்டிருக்கும்போதே அளந்தாள். வோல்ட் நூற்று எண்பத்து நான்கு, ஆம்பியர் எட்டு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால், ராடு கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்பது ஓம் கணக்கில் வருமாம்.

எழுத்துத்தான் எனக்குத் தடுமாறும். வாய்க்கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை. அவள் போனை எடுப்பதற்குள், "இருபத்தி மூணு" என்றேன்.

தறிகள் நின்றிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி அளந்தோம். வோல்ட் இருநூற்று முப்பது, ஆம்பியர் பத்து. வகுத்தால் அதே இருபத்து மூன்று! எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"இப்ப ரெண்டையும் பெருக்குங்க அத்தை. சூடாக்குற சக்தி வாட்டுல வரும்."

பெருக்கினேன். இன்று இரண்டாயிரத்து முந்நூறு வாட். அன்று சாயங்காலம் ஆயிரத்து ஐந்நூறுகூட இல்லை. ராடு அப்படியேதான் இருந்தது. ஊர்த் தறியெல்லாம் ஒன்றாக ஓடி வோல்ட்டை இறக்கியிருந்தது.

"அப்ப, திருப்பிக் குடுத்தர்லாமுங்களா?" என்று சிரித்தாள்.

"அது கெடக்கட்டும். அந்த இஸ்திரிப் பெட்டிய எடுத்துட்டு வா அம்மணி. அதுக்குள்ள எத்தனை ஓம் இருக்குதுன்னு பாக்கோணும்."