ஜும்ஆ நேரத்தில் தூங்கிய சேர்வர்

போன வருடம் வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கிய நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் நடந்தது இது. கல்முனைக்கு மேற்கே வயல்கள் தொடங்கும் இடத்தில் என் காக்காவுக்கு ஒரு கோழிப் பண்ணை இருக்கிறது. அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கட்டாரில் வருடக்கணக்காக உழைத்ததை எல்லாம் அந்தக் கொட்டிலில்தான் போட்டிருந்தார். முதல் தடவை வளர்த்த கோழிகள் நோயில் போய்விட்டன. இந்தத் தடவையும் பண்ணை கைவிட்டால் திரும்ப விமானம் ஏற வேண்டியதுதான் என்று மதினியிடம் சொல்லியிருந்தார். மதினி அதை என்னிடம் சொல்லி அழுதார். அவர்களுடைய கடைசிப் பிள்ளை அப்போதுதான் காக்காவைக் கண்டு ஒளியாமல் 'வாப்பா' என்று கூப்பிடப் பழகியிருந்தது.

கொட்டிலைச் சுற்றிவரத் தார்ப்பாய்ப் படங்கு கட்டி மூடியிருக்கும். உள்ளே பெரிய காற்றாடிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவை நின்றால் கோழிகள் வெக்கையில் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். கரண்ட் போனால் ஜெனரேட்டரைத் தானாகவே இயக்கி, எங்கள் கைபேசிகளுக்குச் செய்தியும் அனுப்பும்படி ஒரு பழைய கணினியைச் சேர்வராக்கி நான்தான் வைத்துக் கொடுத்தேன். கணினிதான் என் படிப்பும் தொழிலும். கரண்ட் இல்லாத நேரத்திலும் அது விழித்திருக்கப் பக்கத்தில் ஒரு பற்றரிப் பெட்டியும் இருந்தது.

அந்தச் சேர்வரில் நான் படங்களும் பெட்டிகளும் காட்டும் டெஸ்க்டொப் போடவில்லை. ஒரு கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். சேர்வர் என்பது யாரும் உட்கார்ந்து பார்ப்பதற்கான பொருள் இல்லை, அழகுக்கு ஒன்றைப் போட்டால் அதோடு நாலு வில்லங்கமும் சேர்ந்து வரும் என்பது என் கட்சி. காக்கா விடவில்லை.

"அந்தக் கறுப்பப் பாத்தா எனக்கு ஒண்டும் விளங்காமப் பயமா இரிக்கு புள்ள. நீ ஊர்ல இல்லாட்டி நான் யார்ட்டப் போய்க் கேக்கிற?"

அவர் கேட்டதிலும் ஞாயம் இருந்தது. பண்ணை அவருடையது, பயமும் அவருடையது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு டெஸ்க்டொப்பைப் போட்டுக் கொடுத்தேன். வெப்பநிலை பச்சையிலும் சிவப்பிலும் பெரிதாகத் தெரிந்ததும் காக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். பண்ணையில் தங்கி வேலை செய்பவருக்கோ அதைவிடச் சந்தோஷம். பகலில் கிரிக்கெட், இரவில் மௌலவிமாரின் பயான் என்று அந்தக் கணினி ஒரு நிமிடம்கூடச் சும்மா இருந்ததில்லை. நான் சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அடுப்பில் மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் தொடங்கிவிட்டது. திடீரென்று வீட்டில் காற்றாடி நின்றது. கரண்ட் போய்விட்டது. வழக்கமாக அடுத்த நிமிடமே 'ஜெனரேட்டர் ஓடுகிறது' என்று கைபேசிக்குச் செய்தி வரும். வரவில்லை. ஒருவேளை அந்தப் பக்கம் கரண்ட் போகவில்லையோ என்று கைபேசியிலிருந்தே சேர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதிலே இல்லை.

காக்காவின் கைபேசி அணைந்திருந்தது. பண்ணையில் வேலை செய்பவருடையதும் அப்படியே. ஊரில் ஆம்பிளை என்று இருக்கிற எல்லோரும் பள்ளியில். கடைகள் பூட்டு, ஓட்டோ ஒன்றும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். மாற்றுச் சாவி மதினியின் வீட்டில்தான் இருந்தது. மதினி சாவியோடு ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டார். வழி நெடுக அவர் ஸலவாத்து ஓதிக்கொண்டு வந்தார்.

பண்ணைக்கு வளையும் இடத்திலேயே தெரிந்துவிட்டது. காற்றாடிச் சத்தம் இல்லை. ஆனால் கொட்டிலின் ஒரு பக்கப் படங்கு பாதிவரை மேலே சுருட்டிக் கட்டியிருந்தது. கால் முழங்கால்வரை சேறாக ஒருவர் அடுத்த படங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் முன்பின் பார்த்திராத மனிதர். பக்கத்துத் தமிழ்க் கிராமத்தவராம், அடுத்த வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாராம்.

"சத்தம் நிண்டு போச்சு தங்கச்சி. ஆரும் வருவாங்களெண்டு பாத்தன், ஒருத்தரையும் காணல்ல. ஜும்ஆ நேரமெண்டு பிறகுதான் நினைவு வந்துது. பூட்ட உடைக்கப் பயமாக் கிடந்துது, அதான் படங்கையாவது தூக்கி விடுவமெண்டு."

மதினி அவருக்குப் பக்கத்தில் போய்க் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். நான் கொட்டிலோடு ஒட்டிய சேர்வர் அறையைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினேன். கொட்டிலுக்குள் கோழிகள் சொண்டைத் திறந்து, செட்டையை விரித்து, இளைத்துக்கொண்டு கிடந்தன. சேர்வரின் திரை இருண்டிருந்தது. பற்றரிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அப்படியானால் கணினிக்குக் கரண்ட் இருக்கிறது, பிறகு ஏன் செத்துக் கிடக்கிறது என்று ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பதற்றத்தில் விசைப்பலகையில் கையை வைத்தேன்.

திரை வெளிச்சமானது. வெப்பநிலை சிவப்பில் பளிச்சென்று வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும், வெளியே ஜெனரேட்டர் உறுமியது. காற்றாடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலத் தொடங்கின. என் கைபேசி 'ஜெனரேட்டர் ஓடுகிறது' என்று ஒன்றும் நடக்காததுபோல் செய்தி அனுப்பியது. நான் வெளியே மதினியிடம் ஓடினேன். அழுதேனா சிரித்தேனா என்று மதினியிடம்தான் கேட்க வேண்டும்.

விசயம் பிறகுதான் பிடிபட்டது. சேர்வர் பழுதாகவில்லை, தூங்கியிருந்தது. டெஸ்க்டொப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால், ஆள் எழும்பிப் போய்விட்டார் என்று நினைத்து, கரண்டை மிச்சம் பிடிக்கத் தானும் தூங்கிவிடும். அந்தக் கறுப்புத் திரையோடு இருந்த காலத்தில் அது ஒருநாளும் தூங்கியதில்லை. கிரிக்கெட்டும் பயானும் இரவு பகலாக ஓடியதால் டெஸ்க்டொப் வந்த பிறகும் தூங்க வழி கிடைக்கவில்லை. வேலை செய்பவர் எல்லாவற்றையும் மரியாதையாக நிறுத்திவிட்டுப் போவது ஜும்ஆவுக்கு மட்டும்தான். முந்திய வெள்ளிக்கிழமைகளிலும் அது தூங்கியிருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போகாததால் எங்களுக்குத் தெரியவில்லை.

காக்கா தொப்பியோடு வந்து சேர்ந்தபோது கோழிகள் தண்ணீர் குடிக்க எழும்பிவிட்டன. மூலையில் கிடந்த சில மட்டும் போய்விட்டன. அவர் கொட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நடந்ததைக் கேட்டார்.

"அந்தப் படத்தக் கழட்டிரு புள்ள. எனக்குக் கறுப்பே போதும்" என்றார்.

வாதத்தில் வென்றவளுக்கு வர வேண்டிய சந்தோஷம் எனக்கு வரவில்லை. அவருக்குப் பார்க்கத்தான் ஒன்று வேண்டியிருந்தது, அது சேர்வரிலேயே இருக்க வேண்டும் என்று இல்லை. அன்று பின்னேரமே சேர்வரில் இருந்த டெஸ்க்டொப்பை எடுத்துவிட்டு, வீட்டில் சும்மா கிடந்த மடிக்கணினியை அந்த அறையில் வைத்து, பச்சையும் சிவப்பும் அதில் தெரியும்படி செய்து கொடுத்தேன். கிரிக்கெட்டும் பயானும் அங்கேயே குடிபோய்விட்டன. சேர்வரை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வயல்காரரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று காக்கா வற்புறுத்தினார். வாய்க்கால் தண்ணீரில் தன் முறை முடியப்போகிறது என்று சொல்லி, மதினி ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு அவர் வரம்பால் இறங்கிப் போனார். இப்போது சேர்வர் செய்தி அனுப்பும் கைபேசிகளில் அவருடையதும் ஒன்று.

காக்கா கட்டாருக்குப் போகவில்லை. கடைசிப் பிள்ளை இப்போது அவர் தோளை விட்டு இறங்குவதே இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் வைத்த கருவி வாய் திறக்காத நேரத்தில், ஒரு சத்தம் நின்றதைக் கேட்டுத் தன் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த அந்த மனிதருக்காக என் மனம் துஆ கேட்கிறது.