தையல்காரி கழற்றிய பூட்டு

டிரைவர் கம்ப்யூட்டரில் எவளுடனோ தொடுப்பு வைத்திருந்தாராம். பெண்டாட்டி தையல்காரி கையும் களவுமாகப் பிடித்து, கத்தரிக்கோலைக் கழுத்துக்கு நேரே நீட்டி, பாஸ்வேர்டைப் பிடுங்கிப் பூட்டையே கழற்றி எறிந்துவிட்டாளாம். தெருமுனை இஸ்திரிக்காரர் ஒவ்வொரு சட்டையோடும் இந்தக் கதையை மடித்துக் கொடுத்தார். வாங்கிப் போனவர்கள் ஆளுக்கொரு மடிப்பு சேர்த்துக்கொண்டார்கள். கத்தரிக்கோல் என்னவோ நிஜம். தையல்காரி கையில் கத்தரிக்கோல் இல்லாமல் கடப்பாரையா இருக்கும்? மற்றபடி நடந்தது வேறு. அதைக் கேளுங்கள், அதிலும் சுவாரசியத்துக்குப் பஞ்சமில்லை.

டிரைவர் காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்ததில் வலது கை, மடியில் போட்ட துண்டு மாதிரி கிடந்தது. பேச்சு திரும்பிவிட்டது, பேசத்தான் மனசில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றை முன்னறையில் வைத்து, தெருவைப் படம் படமாகக் காட்டும் மேப்பைத் திறந்து கொடுத்தாள். அம்பை அமுக்கினால் தெரு நகரும். டிரைவர் டிப்போவிலிருந்து தம் பழைய ரூட்டைப் பிடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் மனுஷன் முகத்தில் களை வந்தது. சிக்னலில் நின்றுகூடப் போனார்.

மகள் ஊருக்குப் போனதும் வந்தது வினை. அவள் வைத்த பாஸ்வேர்டு லேசுப்பட்டதல்ல, நடுவில் ஒரு சதவீதக் குறி. டிரைவர் நாற்காலியில் உட்காருவார், திரையை முறைப்பார், எழுந்து போவார். தையல்காரி மிஷினை மிதித்தபடியே உள்ளறையிலிருந்து எழுத்தெழுத்தாகக் கத்துவாள். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு அஞ்சை அமுக்குங்கள் என்பாள். அந்தத் தெருவில் பாஸ்வேர்டு தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். ஆனாலும் அவருக்குத் திறக்கவில்லை. பிறகு நாற்காலிப் பக்கம் போவதையே விட்டுவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

தையல்காரிக்குச் சந்தேகம் தட்டியது. கை போனது போகட்டும், ஞாபகமும் போய்விட்டதா? ரூட்டில் என்னென்ன ஸ்டாப் என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தாள். கடகடவென்று ஒப்பித்தார். கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு மத்தியானம் பட்டன் வாங்கக் கிளம்பியவள், பையை மறந்து பாதியில் திரும்பினாள். டிரைவர் கீபோர்டு மேல் குனிந்திருந்தார். முகவாயால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு, இடது கை விரலால் அஞ்சைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். நடுவில் மூக்கு வேறு தன் பங்குக்கு எதையோ அமுக்கியது. தப்பு என்றது திரை. ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்கள். ஒரே கையை விரித்து இரண்டு பட்டனை அமுக்கினால் அக்கம்பக்கத்துப் பட்டன்களும் சேர்ந்து அமுங்கின. ஆக, மறதி இல்லை, கைதான் போதவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கம்.

அவள் பூனை மாதிரி வெளியே போய், செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு மறுபடி வந்தாள். டிரைவர் அதற்குள் ஜன்னலுக்குப் போய்விட்டிருந்தார்.

சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டாள். பூட்டில்லாமல் வைத்தால் திருடன் வந்து திறந்துவிடுவான் என்று மகள் பயமுறுத்தினாள்.

"திருடன் கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போவான்டி. உக்காந்து பாஸ்வேர்டு போட்டுப் பாத்துக்கிட்டா இருப்பான்? அதுக்குள்ள உங்கப்பா பஸ்ஸு ஒண்ணுதான் நிக்குது."

பேங்க் சமாச்சாரம் எதையும் அதில் வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு மகள் வழி சொன்னாள். பாஸ்வேர்டு கட்டாயம் என்ற வரிக்குப் பக்கத்திலிருந்த டிக்கைத் தையல்காரி எடுத்தாள். உடனே அது பாஸ்வேர்டை இரண்டு தடவை போடச் சொன்னது. பூட்டைக் கழற்றவே சாவியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிற அதிசயத்தை அன்றுதான் பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூட மறந்து அவள் தட்டிக்கொண்டிருக்க, டிரைவர் பக்கத்தில் திருதிருவென விழித்துக்கொண்டு நிற்க, துணி கொடுக்க வந்த இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தது அந்த நேரத்தில்தான்.

அணைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது. டிரைவர் பஸ்ஸை எடுத்தார். பாதி ரூட்டில் டீ குடிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால், திரை தூங்கி எழுந்து மறுபடி பாஸ்வேர்டு கேட்டது.

"குடுக்க இஷ்டமில்லன்னா சொல்லிடு. குடுத்துட்டு ஏன் புடுங்குற?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் உறைத்தது: இந்த மனுஷன் டிப்போ வரும்வரை இஞ்சினை அணைக்கிற ஜாதியா? புதிதாகப் போட்டால் கேட்காது, தூங்கி எழுந்தால் கேட்கும். தூங்கி எழுந்தால் கேட்பதை நிறுத்தத் தனியாக ஒரு இடம் இருந்தது. தேடிப் பிடித்து அதையும் மாற்றினாள்.

இப்போது காலையில் மிஷினும் பஸ்ஸும் ஒன்றாகக் கிளம்புகின்றன. போன வாரம் டிரைவர் இடது கையால் தம் வலது கையைத் தூக்கி மௌஸ் மேல் வைத்தார். விரல் லேசாகத் துடித்தது. தெரு ஓரடி நகர்ந்தது. அவளைக் கூப்பிடவில்லை, வாயால் ஹாரன் அடித்தார். உள்ளே மிஷின் சட்டென்று நின்றது.

மறுநாள் இஸ்திரிக்காரர் துணியை நீட்டிக்கொண்டே, "ஏம்மா, கம்ப்யூட்டர்ல அவரு பாத்தது யாருன்னு கண்டுபுடிச்சியா?" என்று இழுத்தார்.

"எவளும் இல்லண்ணே. ஷிஃப்ட்ட அமுக்கக் கை இல்லாம தவிச்சாரு, பூட்ட எடுத்துட்டேன். அவரு தினமும் பாக்குறது உங்களைத்தான். ரூட்டுல உங்க கடை வருது, வாசல்ல நீங்க நிக்கிறீங்க. மேப்புக்காரன் மூஞ்சிய மறைச்சிருக்கான், தொப்பைய மறைக்கல."