அன்டெனா நட்ட நாள்

கலியாணம் முடிந்த அடுத்த வருடம் என் கணவர் சவூதியிலிருந்து டிவி கொண்டுவந்தார். படம் தெளிவாக விழ, கூரை முகட்டில் ஏறி அன்டெனாவின் இரும்புக் குழாயை நிறுத்திக்கொண்டிருந்தார். அது சாயாமலிருக்க நான் கீழே கம்பியை இழுத்துப் பிடித்திருந்தேன்.

அடுத்த வளவில் குடியிருந்த என் மூத்த சகோதரர், காக்கா, கத்திக்கொண்டு வந்தார்.

"வாப்பா கட்டின ஊட்டுல ஷைத்தான் பெட்டி வரப்படா! இறங்குடா கீழ!"

"இது வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு, காக்கா," என்றேன்.

கன்னத்தில் அறைந்து என்னை வீழ்த்தினார். பிறகு அந்தக் கம்பியைப் பற்றி வெறியோடு இழுத்தார். குழாயோடு என் கணவரும் ஓடுகள் நொறுங்கச் சரிந்து முற்றத்தில் விழுந்தார். முழங்கை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. காக்கா அப்போதும் விடவில்லை. விழுந்துகிடந்தவரின் விலாவில் உதைத்தார்.

அன்டெனாவுக்கு வெட்டியதுபோக மிஞ்சிக் கிடந்த குழாய்த் துண்டை எடுத்துக் காக்காவை அடித்தேன். இரண்டாவது அடியில் நெற்றி பிளந்தது. மறுபடி ஓங்கியபோது, "உடு புள்ள, மௌத்தாகிருவார்!" என்று என் கணவர்தான் அலறினார்.

இருவரையும் ஒரே வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு பேரும் கூரையில இருந்து விழுந்திட்டம்," என்றார் காக்கா, என்னைப் பார்க்காமல்.

"ஓம்," என்றேன் நானும். அழுகை வரவில்லை. அடித்ததற்காக இன்றுவரை வருத்தமும் வரவில்லை.